ஈர இறாலும் சமமான ஒளியும்: மண்டபம் கரையோர ஆலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

மண்டபம் பக்கம் கடற்கரையை ஒட்டி இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்று இருக்கிறது. தலை நீக்கிய, ஓடு உரிக்காத இறாலைத் தரம் பிரித்து உறையவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். கரும்புள்ளி விழுந்த இறாலைக் கேமரா மூலம் கண்டுபிடித்துக் காற்றுப் பீச்சலால் தனித் தட்டில் தள்ளிவிடும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். பெல்ட்டின் நடுவில் போகும் இறாலை அது ஒழுங்காகப் பிரித்தது. ஓரத்தில் போகும் நல்ல இறாலைக் கூடப் புள்ளி விழுந்தது என்று தள்ளியது. சாயங்காலம் கூடத்து டியூப்லைட்டுகளைப் போட்டதும் தவறுகள் இன்னும் கூடின. கேமராவிலும் மென்பொருளிலும் பெரிய குறை இல்லை. குறை முழுக்க ஒளியில்தான் இருந்தது. அதைச் சரிசெய்த விதத்தை, கணக்குகளோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி. இங்கே வருவது இரண்டு வகை. ஒன்று, பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் பிடித்து வரும் பெனேயஸ் செமிசல்கேட்டஸ். உடலில் பட்டை பட்டையாக நிறம் உள்ள கடல் இறால். இன்னொன்று, பண்ணையில் வளர்த்த வனாமி, வெளிறிய சாம்பல் நிறம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வனாமி மட்டும் ஓடும். தடை முடிந்து படகுகள் இறங்கியதும் கடல் இறால் குவியும். ஒரே இயந்திரம் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

கரும்புள்ளி என்பது கிருமியால் வருவதல்ல. இறால் செத்த பிறகும் அதன் உடலில் வேலை செய்யும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றுப் பட்டதும் மெலனின் என்ற கரும் நிறமியை உண்டாக்குகிறது. ஓட்டின் வளையங்கள் ஒன்றோடொன்று சேரும் மெல்லிய சவ்வுகளில் சீக்கிரமே கருப்பு தெரிய ஆரம்பிக்கும். ஐஸ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. சோடியம் மெட்டாபைசல்பைட்டில் நனைத்தால் கட்டுப்படும். ஆனால் பச்சை இறாலில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர விதிகளின் வரம்பு. அதனால் மருந்தை அள்ளிக் கொட்ட முடியாது, பிரித்தெடுத்துத்தான் ஆகவேண்டும். இத்தனை காலமும் அதைச் செய்தவர்கள் கூடத்துப் பெண்கள்.

இயந்திரத்தின் பெல்ட் 600 மி.மீ. அகலம், வினாடிக்கு 300 மி.மீ. வேகம். மேலே வரிக் கேமரா. முழுப் படத்தையும் ஒரே அடியில் எடுக்காமல், பெல்ட்டின் குறுக்கே ஒரு கோட்டை மட்டும் திரும்பத் திரும்பப் படித்து, அவற்றை அடுக்கிப் படமாக்கும் வகை. அதன் சென்சாரில் 4096 படப்புள்ளிகள் (பிக்சல்கள்), ஒவ்வொன்றும் 7 மைக்ரான். 600 மி.மீ.யை 4096ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்குச் சுமார் 0.15 மி.மீ. வரும். 1 மி.மீ. கரும்புள்ளி ஏழு பிக்சல் அகலத்தில் பதியும். அது தாராளம். பெல்ட் வேகத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 2000 வரிகள் எடுக்க வேண்டும். அதாவது ஒரு வரிக்கு அரை மில்லி வினாடிதான் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் போதுமான ஒளி உள்ளே வந்தாக வேண்டும்.

ஓரம் இருண்ட கதை

இயந்திரத்தோடு வந்த விளக்குகள் பெல்ட்டின் அதே அகலம்: 600 மி.மீ. பட்டை இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பெல்ட்டிலிருந்து 200 மி.மீ. தூரத்தில். பார்வைக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஒளிப்பட்டையின் நட்டநடுவில் இருக்கும் இறாலுக்கு இடமும் வலமும் இரண்டு பக்கமிருந்தும் ஒளி வருகிறது. பட்டையின் முனைக்கு நேர் கீழே இருக்கும் இறாலுக்கு ஒரு பக்கம் மட்டும். பட்டை எவ்வளவு நீளமாக இருந்தாலும் முனையில் கிடைப்பது பாதிதான். யொஹான் லாம்பர்ட் 1760-இல் எழுதி வைத்த கொசைன் விதியை (சாய்ந்து விழும் ஒளி அந்தச் சாய்கோணத்தின் கொசைன் அளவுக்குக் குறையும் என்பது) வைத்துக் கணக்கிட்டால், இந்த அமைப்பில் ஓரத்துக்குக் கிடைப்பது நடுவில் உள்ளதில் 54 சதவீதம்.

அதற்கு மேல் லென்ஸ் தன் பங்குக்கு வெட்டுகிறது. உயரம் குறையட்டும் என்று 28 மி.மீ. லென்ஸ் போட்டிருந்தார்கள். பொருள் முழுக்க ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தாலும், சாய்ந்து வரும் ஒளி சென்சாரில் குறைவாகவே பதியும். சாய்கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்கு அளவில் அது குறையும். 28 மி.மீ. லென்ஸில் ஓரம் 63 சதவீதமாகிறது. 35 மி.மீ. என்றால் 73, 50 மி.மீ. என்றால் 85. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 0.54 பெருக்கல் 0.63, மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இயந்திரம் தந்தவர்கள் இதை மென்பொருளில் ஈடுகட்டியிருந்தார்கள். வெள்ளைத் தகடு ஒன்றைப் படமெடுத்து, இருண்ட இடத்தை அதற்கேற்பப் பெருக்கிவிடுவது. இந்த வழியில் தப்பில்லை, நானும் கடைசியில் அதைப் பயன்படுத்தினேன். ஆனால் மூன்று மடங்கு பெருக்கும்போது படத்தில் தாறுமாறாக வரும் பொடிப் பிழைகளான இரைச்சலும் மூன்று மடங்கு பெருகுகிறது. நடுவில் சுத்தமாகத் தெரியும் சாம்பல் ஓடு, ஓரத்தில் பொடிப்பொடியாகக் கருத்துத் தெரிகிறது. ஒளியில் செய்யவேண்டிய வேலையை ஒளியிலேயே முடித்துவிட்டு, மிச்சம் மீதிக்கு மட்டும் மென்பொருளைக் கூப்பிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தீர்வு நேரானது. கேமராவை ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தூக்கி 50 மி.மீ. லென்ஸ் மாட்டினோம். ஒளிப்பட்டையைப் பெல்ட்டுக்கு வெளியே இருபுறமும் 200 மி.மீ. நீட்டினோம். விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீட்டினால் ஓரம் நடுவில் 93 சதவீதத்துக்கு வந்துவிடும். லென்ஸின் 85ஐயும் சேர்த்தால் மொத்தம் 79. மென்பொருள் ஓரத்தை 1.27 மடங்கு தூக்கினால் போதும். ஒரு பக்கம் சுவர் இடித்தது, 200 மி.மீ. நீட்ட இடமில்லை. அங்கே பட்டையின் முனையில் கண்ணாடி போல மெருகேற்றிய எவர்சில்வர் தகடு வைத்தோம். தகட்டில் தெரியும் பட்டையின் பிம்பமே மீதி நீளமாக வேலை செய்கிறது.

பழைய விளக்கில் இன்னொரு கோளாறும் இருந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் சுருளாகக் கிடைக்கும் 12 வோல்ட் எல்இடி பட்டையைத் துண்டு துண்டாக ஒன்றின் வாலில் ஒன்றை இணைத்து, ஒரே முனையில் மின்சாரம் கொடுத்திருந்தார்கள். மெல்லிய செம்புத் தடத்தில் போகப்போக மின்னழுத்தம் குறையும். கடைசித் துண்டு மங்கலாகவே எரியும். மாறாத மின்னோட்டம் தரும் டிரைவரில் எல்இடிகளைத் தொடராக இணைத்தால் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஊரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் அப்புறம் பொருட்டில்லை.

மூன்று மில்லிமீட்டர் வரிகள்

சாயங்காலத் தவறுகளின் காரணம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததுமே தெரிந்தது. இறாலின் மேல் குறுக்கே மெல்லிய இருள் வரிகள், ஒன்றுக்கொன்று 3 மி.மீ. இடைவெளியில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். 300 மி.மீ.யை 100ஆல் வகுத்தால் 3. நம் கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை, வரிக் கேமரா அப்படியே எழுதிவைத்துவிடும். பெல்ட் வேகத்தை மாற்றியபோது வரிகளின் இடைவெளியும் கூடவே மாறியது. சந்தேகம் தீர்ந்தது. கேமராவைச் சுற்றி மூடி போட்டு வெளி ஒளியை அடைத்தோம். புதிய விளக்குக்கு, வேகமாக அணைத்தணைத்து மங்கலாக்கும் டிம்மர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மின்னோட்டத்தையே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பளபளப்பு

இவ்வளவும் செய்து வெள்ளைத் தகட்டை வைத்தால் படம் வழவழவென்று சமமாக வந்தது. ஈர இறாலை வைத்ததும் எல்லாம் கலைந்தது. ஒவ்வொரு ஓட்டின் மேலும் வெள்ளை மின்னல் கீற்றுகள், அவற்றின் பக்கத்தில் இருப்பதெல்லாம் கருப்பாகத் தெரிந்தது.

இதற்கும் கணக்கு உண்டு. நீர்ப் படலம் நேராக விழும் ஒளியில் 2 சதவீதத்தைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். 2 சதவீதம் சொற்பமாகத் தெரியலாம். ஆனால் ஓடு தன் உள்ளிருந்து சிதறவிடும் ஒளி எல்லாத் திசைக்கும் பரவிப் போய்விடுகிறது. நீர்ப் படலமோ எல்இடியின் பிம்பத்தைச் சிதறாமல் அப்படியே கேமராவுக்குக் காட்டுகிறது. விளக்கு எவ்வளவு சின்னதோ பிம்பம் அவ்வளவு கொடூரமாக மின்னும். விளக்கைப் பரப்பிப் பெரிதாக்கினால் மின்னல் அடங்கும். இறாலைச் சுற்றி முழு அரைவட்டத்துக்கும் ஒளி பரவியிருந்தால், ஓடு 30 சதவீதம் திருப்பினால் பளபளப்பு 2 சதவீதம்தான், கண்டுகொள்ள வேண்டியதில்லை.

அதனால் சுரங்க விளக்கு அமைத்துப் பார்த்தோம். உள்ளே மங்கல் வெள்ளை பூசிய அரை உருளை, எல்இடிகள் கீழ் ஓரத்தில் மேல்நோக்கி எரியும், உச்சியில் கேமரா பார்க்க 30 மி.மீ. பிளவு. வெள்ளைத் தகட்டில் இதைவிடச் சமமான ஒளி கிடைக்காது. மின்னலும் போயிற்று. ஆனால் படத்தில் பல இறால்களில், வளையங்களின் மேட்டில், சன்னமான கரிய கீற்று ஒன்று வந்தது. இயந்திரம் அதைப் பிடித்துக்கொண்டு நல்ல இறாலைத் தள்ளியது.

தள்ளப்பட்ட தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அங்கே நெடுங்காலமாகத் தரம் பிரிக்கும் அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். படத்தையும் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. இறாலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, ஜன்னல் பக்கம் திரும்பி, லேசாக இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

“இது புள்ளியே இல்ல தம்பி. சாய்ச்சா எடம் மாறுது பாருங்க. புள்ளின்னா நகராது, உக்காந்த எடத்துலயே இருக்கும்.”

அவர் விரலில் செய்தது ஒரு முழுமையான சோதனை. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து நகருவது பளபளப்பு. நகராமல் நிற்பது பொருளின் நிறம். மனிதர் கையைச் சாய்த்து இரண்டையும் பிரித்துவிடுகிறார். கேமரா ஒரே கோணத்தில் ஒரே முறைதான் பார்க்கிறது, அதற்குச் சாய்க்கத் தெரியாது. அந்தச் சாய்ப்பை ஒளி அமைப்புதான் கேமராவுக்குச் செய்துகொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒளியளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்து எத்தனை இடத்தில் அளந்தாலும் பயனில்லை.

கீற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, மெருகுள்ள பால் பேரிங் குண்டுகளை பெல்ட்டின் குறுக்கே வரிசையாக வைத்தோம். பளபளக்கும் குண்டு தன்னைச் சுற்றியுள்ள எல்லா ஒளியையும் தன் மேல் வரைபடமாகக் காட்டும். எங்கும் வெள்ளை, உச்சியில் மட்டும் கரிய கோடு. அது கேமராவுக்காக விட்ட பிளவுதான். பிளவு வழியே ஒளி வராதல்லவா? இறாலின் மேட்டுப் பகுதி குட்டிக் குவி ஆடியாக அந்த இருளைக் காட்டுகிறது. 250 மி.மீ. உயரத்தில் 30 மி.மீ. பிளவு, ஓட்டின் வளைவு ஆரம் 10 முதல் 20 மி.மீ. என்றால், கீற்றின் அகலம் அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் வரை வரும். நாம் தேடும் கரும்புள்ளியின் அளவும் ஏறத்தாழ அதுவே. வெளிறிய வனாமியில் இது மெல்லிய நிழல் போலத்தான் இருக்கும். கரும்பட்டை உள்ள கடல் இறாலில் ஓடு திருப்பும் ஒளி 10 சதவீத அளவுக்குக் குறைந்துவிடும். அங்கே அந்த 2 சதவீதம் இல்லாமல் போவதே நல்ல கருப்பாகத் தெரியும்.

பிளவைச் சுருக்கலாம். ஆனால் பெல்ட் அதிரும்போது கேமராவின் பார்வைக் கோடு பிளவின் விளிம்பில் இடிக்கும். அதனால் சுரங்கத்தைக் கைவிட்டு, நீட்டிய ஒளிப்பட்டைகளுக்கே திரும்பி, பளபளப்பையே வடிகட்டும் வழிக்குப் போனோம்.

பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் துருவக் குணத்தை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் தன்மையை, எத்தியேன் லூயி மாலுஸ் 1808-இல் கண்டார். நமக்கு வேண்டியது இவ்வளவுதான். விளக்கின் முன் போலரைசர் பிலிம் வைத்தால் ஒளி ஒரே தளத்தில் அதிரும். நீர்ப் படலத்தில் பட்டுத் திரும்புவது அந்தத் தளத்தை மாற்றிக்கொள்ளாது. ஓட்டுக்குள் புகுந்து சிதறி வெளியே வருவது தளத்தைத் தொலைத்துவிடும். லென்ஸின் முன் இன்னொரு போலரைசரைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் முதலாவது அணையும், இரண்டாவது பாதி உள்ளே வரும். மேல் மினுக்கு போய், ஓட்டின் உண்மை நிறம் தெரியும். மெலனின் ஓட்டுக்குள்ளும் சவ்விலும் படிவதால் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வளைவுகளில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியின் தளம் சற்றுத் திரும்பிவிடுவதால் அங்கங்கே மங்கிய சாம்பல் கீற்று மிஞ்சும். அது சுற்றியுள்ள ஓட்டைவிட வெளிறியிருப்பதால் கரும்புள்ளி என்று ஏமாற்றாது.

விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பிலிமும் சுமார் 40 சதவீதம்தான் விடும். இரண்டும் சேர்ந்து 16 சதவீதம், அதாவது ஆறு மடங்குக்கு மேல் ஒளி வேண்டும். லென்ஸின் திறப்பை எஃப் 8-இலிருந்து எஃப் 4-க்கு (எண் குறைந்தால் திறப்பு பெரிது) அகட்டினால் நான்கு மடங்கு கிடைக்கும். இன்னும் அகட்டலாமா? எஃப் 4-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 25 மி.மீ., பெல்ட்டில் கிடக்கும் பெரிய இறாலின் உயரம் 20 மி.மீ. வரை. எஃப் 2.8-க்குப் போனால் ஆழம் 18 மி.மீ. ஆகி மேல்பகுதி மங்கிவிடும். அதனால் எஃப் 4-இல் நின்று, மீதி ஒன்றரை மடங்கை எல்இடி எண்ணிக்கையில் கூட்டினோம்.

அடுக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். ஒளியைப் பரப்பும் மங்கல் தகடு முதலில், போலரைசர் அதன் பிறகு. மாற்றி வைத்தால் மங்கல் தகடு துருவத்தைக் கலைத்துவிடும். எல்இடிகளுக்கு இடையே உள்ள தூரம் அளவுக்காவது மங்கல் தகட்டைத் தள்ளி வைக்காவிட்டால், விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

மூடித் தகடும் உப்புக் காற்றும்

உணவுக்கு மேலே உடையக்கூடிய கண்ணாடி கூடாது. அதனால் விளக்கின் வெளிமுகத்தில் பிளாஸ்டிக் மூடி வேண்டும். ஏற்கெனவே கைவசம் இருந்தது பாலிகார்பனேட், அடித்தாலும் உடையாது. அதை மாட்டிக் குறுக்குப் போலரைசர் வழியாகப் பார்த்தால், திருகு முடுக்கிய ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வானவில் நிற வளையங்கள்! பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் இறுக்கம் ஒளியின் துருவத்தைத் திருப்பிவிடுகிறது, பாலிகார்பனேட்டில் இது மிக அதிகம். அந்த இடங்களிலிருந்து வரும் ஒளியில் மினுக்கு அணையாது. வார்ப்பு அக்ரிலிக் தகட்டுக்கு மாறி, திருகாமல் பள்ளத்தில் ரப்பர் வைத்துத் தளர்வாகச் செருகினோம். வளையங்கள் போய்விட்டன. கேமராப் பெட்டியின் சன்னலுக்கும் இதே தகடுதான்.

இந்தக் கரையில் வேலை செய்கிறவர்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெல்லிய உப்புத் திவலை கூடத்துக்குள்ளும் வரும். விசிறி வைத்து எல்இடியைக் குளிர்வித்தால் அந்த உப்பை உள்ளே இழுத்து இணைப்புகளைப் பச்சை பூக்க வைக்கும். அதனால் விசிறி இல்லை. அனோடைஸ் செய்த தடித்த அலுமினிய உடம்பே வெப்பத்தை வெளியே விடுகிறது, திருகுகள் 316 ரக எவர்சில்வர். அயோடின் சேர்ந்த போலரைசர் பிலிம் ஈரமும் சூடும் சேர்ந்தால் வெளுத்துவிடும். அதை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து ஓரங்களைச் சிலிக்கோனால் அடைத்தோம். வெளியே புழுக்கம், கூடம் குளிர்ச்சி. காலையில் கதவைத் திறந்ததும் தகட்டில் வியர்க்கும். இரவிலும் விளக்குகளைச் சிறு மின்னோட்டத்தில் எரியவிட்டால் அக்ரிலிக் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே இருக்கும், வியர்க்காது.

எல்இடி சூடாகும்போது ஒளி கொஞ்சம் குறையும். அதற்காகப் பெல்ட்டின் ஓரத்தில், கேமராவின் பார்வைக்குள், டெப்லான் வெள்ளைத் துண்டு ஒன்றைப் பதித்திருக்கிறோம். ஒவ்வொரு வரியின் அளவையும் அந்தத் துண்டை வைத்து மென்பொருள் சரிசெய்துகொள்கிறது. துண்டைத் தினம் கழுவ வேண்டும், மறந்தால் இறால் சாறு படிந்து எல்லாக் கணக்கும் சாய்ந்துவிடும்.

ஏற்றுக்கொள்ளும் சோதனை

வெள்ளைத் தகட்டில் சமமாகத் தெரிவதை மட்டும் வைத்து வேலையை ஒப்படைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஆலைக்காரரும் சம்மதித்தார். நாங்கள் வைத்த நிபந்தனை இது. அக்காவும் அவரோடு வேலை செய்யும் பெண்களும் நல்லது, புள்ளி உள்ளது என்று பிரித்துக் கொடுத்த இறால்களை, ஒவ்வொன்றையும் நனைத்து, பெல்ட்டின் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் விட வேண்டும். வால் முன்னால் ஒரு முறை, வால் பின்னால் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. எங்கே, எப்படிக் கிடந்தாலும் ஒரே இறாலுக்கு ஒரே தீர்ப்பு வர வேண்டும். தீர்ப்பு சரியா தப்பா என்பது அதற்கு அடுத்த கேள்வி. இடம் மாறினால் தீர்ப்பு மாறுகிறது என்றால் ஒளி இன்னும் சமமாகவில்லை என்று பொருள். வனாமி இதில் சுலபமாகத் தேறியது. கடல் இறாலில், பட்டை நிறமும் சவ்வுக் கருப்பும் ஒட்டி வரும் இடங்களில் மட்டும் குழப்பம் மிஞ்சியது. அது ஓரத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி மிஞ்சியது. அதாவது ஒளியின் வேலை முடிந்துவிட்டது, அடுத்தது நிறத்தைப் பிரித்தறியும் வேலை.

இயந்திரம் தள்ளும் தட்டை இப்போதும் பெண்கள்தான் கடைசியாகப் பார்க்கிறார்கள். முன்பு அந்தத் தட்டு நல்ல இறாலால் நிரம்பி வழியும். இப்போது அதில் வருவது பெரும்பாலும் உண்மையான புள்ளி இறாலும், சந்தேகத்துக்கு இடமான கடல் இறாலும். பராமரிப்புக்கு ஆலையில் விட்டுவந்தவை ஒரு டப்பா பேரிங் குண்டுகளும், ஒரு வெள்ளைத் தகடும், மாற்றுப் போலரைசர் பிலிமும். மாதம் ஒருமுறை குண்டுகளை நனைத்துப் பெல்ட்டின் குறுக்கே ஓடவிட்டு, எந்தக் குண்டிலாவது மினுக்கு கூடியிருந்தால் அந்தப் பக்கத்துப் பிலிமை மாற்ற வேண்டும். அடுத்த தடைக்கால மாதங்களில், பட்டை நிறத்தையும் மெலனினையும் பிரிக்க அகச்சிவப்பை ஒட்டிய எல்இடி வரிசை ஒன்றை இதே ஒளிப்பட்டைக்குள் சேர்க்கும் வேலை இருக்கிறது. அந்த ஒளிக்கு இந்தப் போலரைசர் பிலிம் சரிப்படாது என்பதால், அதற்கான வேறு பிலிமைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.